அறுபத்திரண்டு வயதில் வந்த கொப்புளங்கள்

என் ஆசை நாத்தனார் தனத்துக்கு,

நீ போன பிறகு உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கும் செய்தி ஒன்றே ஒன்றுதான். எனக்குப் பேத்தி பிறந்ததை வீரபாண்டிக் கோயிலில் கூட்டத்துக்கு நடுவே நின்று உனக்குச் சொல்லிவிட்டேன். உன் மகன் திராட்சைத் தோட்டத்துக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டதையும் சொன்னேன். இதை மட்டும் கோயிலில் நின்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் ஏன் எழுதுகிறாய் என்று நீ கேட்பாய். கொஞ்சம் பொறு, சொல்கிறேன்.

நீ என் வீட்டுக்காரரின் தங்கை. நாத்தனாரும் மதினியும் எலியும் பூனையும் என்பார்கள். நம்மைப் பார்த்தவர்கள் அப்படிச் சொன்னதில்லை. உன் அண்ணன் மலைக்கு மேலே ஏலத் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தார். மாதத்தில் பாதி நாள் அங்கனதான். அந்த நாட்களில் எல்லாம் எனக்குத் துணை நீதான். அவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நீதான்.

பிள்ளைகள் கல்யாணம் முடிந்து போனார்கள். நான் சின்னமனூரிலிருந்து உத்தமபாளையம் தாலுகா ஆபீசுக்கு டைப்படிக்கப் போய் வந்துகொண்டிருந்தேன். அந்தப் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் வேலுச்சாமி. மனைவியை இழந்தவர். இரண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகு, என்னைக் கட்டிக்கொள்ள விருப்பம் என்று அவர் முதலில் சொன்னது என்னிடம் இல்லை, உன்னிடம். செத்துப்போனவரின் தங்கையிடம் வந்து இப்படிக் கேட்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அதைவிடப் பெரிய நெஞ்சுரம் உனக்கு இருந்தது.

“இந்த வயசுல எதுக்கும்மா இது? ஊரே சிரிக்கும்” என்று என் மகன் கத்தினான்.

“சிரிக்கிறவுக வந்து ஒங்கம்மாவுக்குக் காய்ச்சல்னா கஞ்சி வச்சுக் குடுப்பாகளாடா?” என்று நீ கேட்டாய். அவன் ரிஜிஸ்டர் ஆபீசுக்கும் வரவில்லை. நீதான் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டாய். வாசலில் என்னை ஓரமாக இழுத்து, “மதினி, சோறு பொங்கிப் போடத்தான் போறேன்னு நெனச்சுப் போகாதீக. பொண்டாட்டியாப் போங்க” என்று காதோடு சொன்னாய்.

போனேன், தனம். பொண்டாட்டியாகவே போனேன். அந்தச் சந்தோஷத்தை ஒரு வருஷம் நீ பார்த்தாய். பிறகு சர்க்கரை உன் சிறுநீரகத்தைத் தின்று உன்னைக் கொண்டு போய்விட்டது.

நீ போன மறு வருஷம் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க மூட்டுக் காய்ச்சல். யாரைப் பார்த்தாலும் சுவரைப் பிடித்து நடந்தார்கள். எனக்கும் வந்தது. காய்ச்சல் இறங்கியதும் வேறொன்று தொடங்கியது. தொடையில் எறும்பு ஊர்வது போலக் குறுகுறுப்பு. அப்புறம் பெண்ணுறுப்பில் எரிச்சல், சிறு சிறு கொப்புளங்கள். ஒன்றுக்குப் போனால் உயிர் போயிற்று.

சூடு என்று நினைத்து வெந்தயம் ஊற வைத்துக் குடித்தேன், இளநீர் குடித்தேன். பக்கத்து வீட்டு மாரியம்மாளிடம் இடம் சொல்லாமல், கொப்புளம் என்று மட்டும் சொன்னேன். “அக்கியா இருக்கும்க்கா. வேளார் வீட்டுக்குப் போயி காவி எழுதிட்டு வாங்க” என்றாள். எனக்கு வந்த இடத்தில் காவி எழுதச் சொன்னால் அந்த மனிதர் மண்பானைத் தொழிலையே விட்டு ஓடியிருப்பார். நீ இருந்திருந்தால் இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதை யாரிடம் சொல்வது? மகளிடம் சொல்ல முடியுமா? அவரிடம்?

தேனிக்குத் தனியாகப் போய் ஒரு பெண் டாக்டரைப் பார்த்தேன். என் மகள் வயதுதான் இருக்கும். பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“வீட்டுக்காரர் இருக்காராம்மா? ரெண்டு பேரும் சேந்து இருக்கீங்களா?”

அறுபத்திரண்டு வயதுக்காரியிடம் யாரும் கேட்காத கேள்வி. தலையை ஆட்டினேன்.

“பாத்தா ஹெர்பிஸ் மாதிரி இருக்கு. அக்கியும் அந்தக் குடும்பம்தான். ஆனா இது அது இல்ல. இது பெரும்பாலும் சேர்க்கையில ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு வர்றது.”

அவர் பொறுமையாகச் சொன்னார். உள்ளே வந்துவிட்டால் அது நரம்பில் போய்ப் படுத்துக்கொள்ளுமாம். சிலருக்குச் சில நாளில் எழும்புமாம். சிலருக்குப் பல வருஷம் சத்தமில்லாமல் கிடந்துவிட்டு, ஒரு காய்ச்சலோ கவலையோ வந்து உடம்பு தளரும்போது எழும்புமாம். அடியோடு போக்க மருந்து கிடையாது. மாத்திரை சாப்பிட்டால் சீக்கிரம் ஆறும். திரும்ப வரலாம், வராமலும் இருக்கலாம். புண் ஆறும்வரை சேரக்கூடாது. தட்டிலும் தம்ளரிலும் துணியிலும் ஒட்டாது, பேத்தியைத் தாராளமாகத் தூக்கலாம், புண்ணைத் தொட்டால் மட்டும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

“யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு சொல்ல முடியுமா?”

“புண்ணைப் பாத்து அதைச் சொல்ல முடியாதும்மா. அடுத்த தடவை வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க.”

திரும்பி வந்த பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டர் சிரித்துச் சிரித்து ஒரு பெண்ணுக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், என் புத்தி போன போக்கைக் கேட்காதே. வேலுச்சாமியும் முப்பது வருஷம் பஸ்ஸோடு ஊர் ஊராகப் போய் ராத்திரி தங்கிய மனிதர். டிரைவர், கண்டக்டர் என்றால் ஊரில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? உன் அண்ணன் பக்கம் என் புத்தி ஒரு எட்டுக்கூட வைக்கவில்லை. செத்துப்போனவர்களுக்கு அது ஒரு வசதி பார்.

வீட்டில் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. காய்ச்சல் அசதி என்று படுக்கையை அடுத்த அறைக்கு மாற்றினேன். சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவேன். “நான் எதும் தப்பாப் பேசிட்டேனா சரோசா?” என்று கேட்டார். இல்லை என்றேன். மாத்திரையில் கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. ஆனாலும் நான் அந்த அறையிலேயே படுத்தேன்.

மகள் பேத்தியோடு வந்தாள். தாராளமாகத் தூக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தும் குழந்தையை வாங்கக் கை நீளவில்லை. மகள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் பால் வாங்கப் போனதும் கதவைச் சாத்தினாள்.

“அம்மா, மறைக்காமச் சொல்லு. அவுக ஒன்னிய அடிக்கிறாகளா?”

தூக்கி வாரிப்போட்டது, தனம். நான் வாயை மூடியிருந்ததில், செய்யாத பாவம் ஒன்று அந்த மனிதர் தலையில் ஏறிக்கொண்டிருந்தது. “அய்யோ, இல்லடி” என்றேன். என் உடம்புக்கு வந்ததை அவளிடம் சொன்னேன். அவள் முகம் சுளிப்பாள் என்று நினைத்தேன். அவள் குழந்தையை எடுத்து என் மடியில் வைத்தாள். “இதுக்கா இப்படி ஒளிஞ்சுக்கிட்டுக் கெடந்த?” என்றாள்.

அவள் ஊருக்குப் போன மறுநாள் மத்தியானம். அவர் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நின்றது.

“எங்கிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு நெனச்சுட்ட.”

“ஆமா.”

கையிலிருந்த காயை முறத்தில் வைத்தார். பிறகு சொன்னார்: “பஸ்ஸுல ஓடுனவன் எல்லாம் அப்படித்தான்னு ஊரு பேசும். அது எனக்குப் பழகிப்போச்சு. நீயும் அதையே நெனச்சா நான் எங்கன போயி நிக்கிறது?”

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரமாட்டாரோ என்று வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்தார். “நாளைக்கு நானும் டாக்டர்கிட்ட வாரேன்” என்று மட்டும் சொன்னார்.

இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தபோது டாக்டர் இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்தார். வேலுச்சாமி ரத்தத்தில் அது இல்லை. என் ரத்தத்தில் இருந்தது. “சோதனை நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன். ஆனா இது ஒங்களுக்குள்ள ரொம்ப நாளாவே இருந்திருக்கணும்” என்றார்.

ரொம்ப நாளாக. என் வாழ்க்கையில் வேலுச்சாமிக்கு முன்னால் இருந்தது ஒரே ஒருவர், தனம். அவர் உன் அண்ணன்.

டாக்டர் என் முகத்தைப் படித்திருக்க வேண்டும். முதல் வீட்டுக்காரருக்குக் கல்யாணத்துக்கு முன்பே இருந்திருக்கலாம், அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம், காய்ச்சலுக்கு உதட்டில் வருகிற கொப்புளத்திலிருந்து தொற்றுகிற வகையும் உண்டு, இதை வைத்து யாரையும் துரோகி என்று தீர்த்துவிடாதீர்கள் என்றார். உன் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தால் உதட்டில் கொப்புளம் வருமா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் இல்லை. உனக்குத் தெரியுமா? அம்மா வீட்டில் சேர்ந்து வளர்ந்தவள் நீ. உனக்குத் தெரிந்திருக்கலாம்.

வெளியே வந்ததும் வேலுச்சாமியிடம் சொன்னேன்: “இப்ப ஒங்களுக்கு நான்தான் ஆபத்து. ஒங்க மகன் வீட்டோட போயி இருக்கிறதுன்னா இருங்க. தப்பா நெனைக்க மாட்டேன்.”

“அங்கன போனா ரேசன் கடைக்கு அனுப்பியே கொன்னுருவான்” என்றார். பஸ் ஸ்டாண்டு வரை கூட நடந்தார். பிறகு, யாருக்கும் கேட்காத குரலில், “வரப்போகுதுன்னு ஒடம்பு முன்கூட்டியே சொல்லும்னாகள்ல? அப்பச் சொல்லு. நான் திண்டு, போர்வையத் தூக்கிக்கிட்டு அந்த ரூமுக்குப் போறேன். மத்த நாளைக்கு டாக்டர் சொன்ன உறையப் போட்டுக்கிருவோம். அப்பவும் வந்தா வந்துட்டுப் போகுது. எத்தன வருசத்துக்கு எனக்கு அது எரியப்போகுது?” என்றார்.

அந்த இடத்தில், அத்தனை பஸ்ஸுக்கும் நடுவில் அழுதேன். அவர் பேப்பரைப் பிரித்து என் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் கோபம் வந்தது. உன் அண்ணன் மேல். மலையில் கழித்த பாதி மாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து உதறிப் பார்த்தேன். அமாவாசைக்குப் படையல் போடும்போது பூவை வைக்காமல் நின்றேன். ஆனால் எனக்கு டைபாய்டு வந்தபோது மலையிலிருந்து இறங்கி வந்து, என் சேலையைத் துவைத்துப் போட்டதும் அதே மனிதர்தானே? இரண்டையும் எந்தத் தராசில் வைப்பேன்?

உன் அண்ணனோடு ஏலத் தோட்டத்தில் வேலை பார்த்த போடிக்காரர் சீனி ஒருநாள் பேரன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். மலையில் உன் அண்ணன் எப்படி இருந்தார் என்று தெரிந்த ஒரே ஆள். கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. “காப்பிக்குச் சீனி போடலாமா, சக்கரை இருக்கா?” என்று கேட்டேன். “மேஸ்திரி மாதிரி மனுசனைப் பாக்க முடியாது மதினி” என்று சொல்லிக் குடித்துவிட்டுப் போனார். கேட்காதது தைரியமா, கோழைத்தனமா, நீயே சொல்.

அதன் பிறகு இரண்டு தரம் வந்தது. ஒன்று என் மகனோடு போனில் சண்டை போட்ட வாரத்தில், ஒன்று சும்மா. குறுகுறுப்பு தொடங்கியதும் மாத்திரையை எடுத்துக்கொள்கிறேன். பருத்தித் துணி, காற்றோட்டம், கொஞ்சம் தூக்கம். முதல் தடவை போலக் கொடுமை இல்லை. சாப்பிடும்போது, “இன்னைல இருந்து” என்பேன். அவர் மோரை ஊற்றிக்கொண்டே “சரி” என்பார், ராத்திரி திண்டோடு அடுத்த அறைக்குப் போவார்.

போன வாரம் மாத்திரைக்காகத் தேனிக்குப் போயிருந்தேன். கோம்பைப் பக்கத்து அம்மா ஒருத்தர், என்னைவிட மூத்தவர், நாற்காலியில் உட்கார முடியாமல் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். அப்படி உட்காருவது ஏன் என்று எனக்குத் தெரியும். மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன்.

“ஆத்தாளுக்கு நேந்த கடனச் செய்யல தாயி. அதான் சொல்லக்கூடாத எடத்துல போட்டுட்டா. மருமக பாத்திரத்தத் தனியா வச்சுட்டா” என்றார்.

“ஆத்தா கோவம் இல்லக்கா அது. எனக்கும் வந்துச்சு” என்றேன்.

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை உனக்கு எப்படி எழுதிக் காட்டுவேன்? “ஒனக்குமா?” என்றார். என் கையைப் பிடித்தவர் உள்ளே கூப்பிடும்வரை விடவில்லை. பெயர் சொல்லாமல் ஒளித்து வைத்துக்கொண்டு எத்தனை வயதான பெண்கள் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறார்களோ! அதற்குத்தான் தனம், உனக்கு எழுதுவதை இப்படித் திறந்து வைத்து எழுதுகிறேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை அந்த அம்மா வீட்டுக்குப் போகிறேன். பாத்திரத்தைத் தனியாக வைக்க வேண்டாம் என்று அந்த மருமகளிடம் நானே சொல்லப்போகிறேன். படையலுக்குப் பூ வைக்கிறேன், கோபம் இருக்கிற அமாவாசையிலும் வைக்கிறேன். உன் அண்ணனிடம் கேட்க வேண்டியதை அங்கே வந்து அவரிடமே கேட்டுக்கொள்கிறேன். உனக்குத் தெரிந்திருந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி, உன்னை நடுவில் இழுக்க மாட்டேன். இது சத்தியம்.

உன் வீட்டுக்கு மருமகளாக வந்து,
உன் கையால் இன்னொரு வீட்டுக்குப் போன,
என்றைக்கும் உன் மதினி,
சரோஜா