கிளாரினெட்டில் இறங்கிய சுருதி

என் அன்புக்கு,

எண்ணெய் வயலிலிருந்து பனிச்சாலையில் நீ வந்து சேரும்போது நான் தூங்கியிருப்பேன். மான்கறி அடுப்பில் இருக்கிறது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு இன்றுதான் பள்ளிக்குப் போனேன். இடது காது இனிக் கேட்காது என்று மருத்துவர் சொன்னதைப் பற்றித் திரும்ப எழுதப்போவதில்லை.

பேண்ட் வகுப்பில் பிள்ளைகள் வாசிக்கத் தொடங்கினார்கள். நடுவில் ஏதோ உறுத்தியது. எந்தப் பக்கமென்று தெரியவில்லை, ஆனால் எந்தக் கருவியென்று தெரிந்தது. நிறுத்தினேன்.

"கிளாரினெட்ல யாருக்கோ சுருதி இறங்கியிருக்கு. யாரு?"

பிரிட்டா மெதுவாகக் கையைத் தூக்கினாள். "ஐயோ மிஸ், உங்களுக்குக் கேக்காதுன்னு நெனச்சு சரிபண்ணாம விட்டுட்டேன்!"

வகுப்பே சிரித்தது. திட்ட வேண்டியவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

நான் வேறு வேலை தேடும் பேச்சை இனி விட்டுவிடலாம். நல்ல காதைத் தலையணையில் வைத்துப் படுக்கப்போகிறேன், நீ கூப்பிட்டால் கேட்காது. தோளைத் தொட்டு எழுப்பு.

உன்னவள்