என் மேசையின் சட்டம்

செப்டம்பர் 6, 1927

பேத்தி வெர்னாவிடமிருந்து கடிதம். பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதலாவதாம்! ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேத்தி. மாவுப் பீப்பாய்க்கு மேலே கடிதத்தைக் குத்தி வைத்திருக்கிறேன், பிசையும்போதெல்லாம் கண்ணில் படட்டும்.

‘எழுபது மரவெட்டிகளுக்கு நடுவில் பேச்சுத் துணைக்கு யார் இருக்கிறார்கள் பாட்டி?’ என்று கேட்டிருக்கிறாள்.

யார் இருக்கிறார்கள்? சாப்பாட்டு மேசையில் பேசக் கூடாது என்பது இந்த மலையில் எல்லா முகாமுக்கும் பொது. மற்ற இடங்களில் முணுமுணுப்பாவது இருக்கும். நான் சமைத்துப் போடும் கூடத்தில் பத்தொன்பது வருடமாகக் கரண்டிச் சத்தம் மட்டும்தான். எவனாவது வாய் திறந்தால் நான் திட்டுவதில்லை. அகப்பையை வாசல் பக்கம் நீட்டுவேன். எழுந்து போய்விடுவான். எல்லோரும் போன பிறகு நான் தனியாகச் சாப்பிடுவேன்.

செப்டம்பர் 10

டெல்பர்ட் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டான். அடிக்கட்டையைத் தகர்க்க வைத்த வெடி முந்திக்கொண்டதில் இரண்டு கண்ணும் போய்விட்டது. அவனும் பின்லாந்துக்காரன் ஆர்வோவும் ஒன்பது வருடமாக ஒரே ரம்பத்தின் இரண்டு பிடி.

மேஸ்திரி க்ரோகன் அவனை ஏழைகள் விடுதிக்கு அனுப்பப் பார்த்தார். ஆர்வோ குறுக்கே வந்து நின்றான். அவன் குரலை நான் இதுவரை நாலு தடவை கேட்டிருந்தால் அதிகம்.

“ரம்பம் இழுக்கக் கண்ணு எதுக்கு? அவன் இழுத்தா நான் விடுவேன். நான் இழுத்தா அவன் விடுவான். தள்ளாம இருந்தாப் போதும்.”

“மரம் சாயறப்போ?”

“விழுந்து கெடக்கிற மரத்தை அறுக்கறோம்.”

மேஸ்திரி என்னைப் பார்த்தார். “காட்டுல நான் பாத்துக்கறேன். கூடம் உங்களுது டில்டாம்மா. அங்க இவனால தொந்தரவுன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, அடுத்த சனிக்கிழமை ரயில்ல ஏத்திடறேன்.”

“என் மேசையில எல்லாருக்கும் ஒரே சட்டம்” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

செப்டம்பர் 11

எழுதக் கை வரவில்லை.

மத்தியானம் டெல்பர்ட் தடவிப் பார்த்து, மேசையில் நான் கவிழ்த்து வைத்திருந்த தட்டை நிமிர்த்தினான். பாத்திரங்கள் கைக்குக் கை மாறி அவனைத் தாண்டித் தாண்டிப் போயின. கை நீட்டினான், குழம்பு கொட்டியது. சிரித்துக்கொண்டே, “ரொட்டி எங்கப்பா இருக்கு? யாராவது சொல்லித் தொலைங்களேன்” என்றான்.

என் கை தானாக எழுந்துவிட்டது.

அவனுக்குத் தெரிஞ்சாத்தானே! கண்ணு இல்லாதவன்கிட்ட அகப்பையை நீட்டிக்கிட்டு நிக்கிறேன். எழுபது பேரும் பாக்கறாங்க. இறக்கவாவது தோணிச்சா? தோணலையே.

ஆர்வோதான் எழுந்தான். பேசினவனுக்குப் பதிலாக அவன் வெளியே போனான். அவன் தட்டில் ஆப்பிள் பலகாரம் பாதியில் கிடந்தது.

“ஆர்வோ? எங்கடா போறே?” என்றான் டெல்பர்ட், காலடிச் சத்தத்தைக் கேட்டு.

ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. சட்டம் அல்லவா.

செப்டம்பர் 12

இரண்டு பேரும் சாப்பிட வரவில்லை. பசியோடு ரம்பம் இழுக்கிறார்கள்.

செப்டம்பர் 13

இன்றும் இல்லை. மேஸ்திரி கேட்டார்: “என்ன டில்டாம்மா, ரயிலா?” அடுப்பு வேலை இருப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

செப்டம்பர் 14

பன்றிக்கறியும் ரொட்டியும் கட்டிக்கொண்டு நானே காட்டுக்குப் போனேன்.

பத்தொன்பது வருடம் இவர்களுக்குச் சோறு போட்டவள், ஒரு நாளாவது இவர்கள் வேலையைப் பார்த்தேனா?

ஆளுயரத்துக்குப் பருத்த மரம் விழுந்து கிடக்கிறது. அந்தப் பக்கம் ஆர்வோ, இந்தப் பக்கம் டெல்பர்ட். நடுவில் மரம். டெல்பர்ட்டுக்குக் கண் இருந்த நாளிலும் ஆர்வோவின் முகம் தெரிந்திருக்காது! ஆர்வோவுக்கும் இவன் தெரிய மாட்டான். இந்த ஒன்பது வருடமும் இரண்டு பேரும் பார்க்காமல்தான் இழுத்திருக்கிறார்கள். ரம்பம் போகிறது, வருகிறது. ஒருவன் மூச்சு விட்ட இடத்தில் அடுத்தவன் மூச்சு இழுக்கிறான். கோயிலுக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது. தலைமுக்காட்டைச் சரி செய்துகொண்டேன்.

ரம்பம் நின்றது.

“வெண்ணெய் வாசனை வருதே, டில்டாம்மாவா?” என்றான் டெல்பர்ட். “அகப்பையும் கூட வந்திருக்கா?”

சிரிப்பு வரவில்லை எனக்கு. “ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரெண்டு பேரும் வந்துடுங்க.”

மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஆர்வோவின் குரல்: “சட்டம்?”

“என்னோட சட்டம்தானே? நான் பாத்துக்கறேன்.”

செப்டம்பர் 15

நேற்று வந்தார்கள். எல்லோரும் தட்டை நிமிர்த்தினார்கள். டெல்பர்ட்டின் பின்னால் போய் நின்றேன். அந்த அமைதியில் என் குரலைக் கேட்க எனக்கே பயமாக இருந்தது.

“டெல்பர்ட், இடது கைப்பக்கம் உருளைக்கிழங்கு. அதுக்குப் பக்கத்துல ரொட்டி. குழம்பு சுடும், பாத்து.”

மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது.

ஆர்வோ தன் கரண்டியை எடுத்தான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. என்னைப் பார்த்து வாசல் பக்கம் நீட்டினான்.

“என்னடா ஆச்சு? ஏன் எல்லாரும் ஊமையாயிட்டீங்க?” என்றான் டெல்பர்ட்.

“டில்டாம்மாவுக்கு வாசலைக் காட்டினேன்” என்றான் ஆர்வோ.

சட்டம் சட்டம்தானே. போனேன். படியில் நின்றேன். உள்ளே முதலில் டெல்பர்ட் சிரித்தான். பிறகு இன்னொருவன். பிறகு எழுபது தொண்டையும் ஒன்றாக. இத்தனை குரல் என் கூடத்தில் இருந்ததா? இத்தனை வருடமும் எங்கே வைத்திருந்தார்கள்? அண்ணாந்து மரங்களைப் பார்த்தபடி நின்றேன், கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல்.

கதவு திறந்தது. ஆர்வோ. கையில் ஒரு தட்டு.

“ஆறிப்போகுது, வாங்க.”

செப்டம்பர் 17, சனி

ரயில் போய்விட்டது. அறுத்த மரங்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது.

செப்டம்பர் 25

வெர்னாவுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. சாப்பிட்ட பிறகு எழுதலாம் என்று உட்கார்ந்தால் மேசையில் பேச்சு முடிய நேரமாகிவிடுகிறது. நாளைக்கான தட்டுகளைக் கவிழ்த்து வைத்தாயிற்று, ஆர்வோவுக்கும் டெல்பர்ட்டுக்கும் எதிரில் என்னுடையதையும் சேர்த்து.