செலின் கேட்ட நிலையம்

1999 ஜூலை 5, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. சென்டரில் இன்டர்நெட் லைன் வர மணி பதினொன்று ஆச்சு. திறந்தால், தூரத்து நிலையங்களைக் கேட்டுக் குறிப்பு எழுதும் எங்கள் சிற்றலை ரேடியோ குழுவில் நாற்பத்திரண்டு மெயில். அதில் ஒன்று எனக்கு! குழு நடத்தும் சேலம் சந்தானம் சார், புதியவர்களுக்கு விதி சொல்லித் தரும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார். பாறசாலையில் கம்ப்யூட்டர் சொல்லித் தரும் எனக்கு! மதியச் சோறு இறங்கவில்லை.

விதிகள், என் கையெழுத்தில், ஜெராக்ஸ் பத்து:
- முழு மெயிலையும் திருப்பி ஒட்டாதே.
- உலக நேரம்தான் எழுத வேண்டும். கடிகாரம் பார், ஐந்தரை மணி கழி.
- கேட்காததைக் கேட்டதாக எழுதினால் வெளியே.

முதல் ஜெராக்ஸ் செலினுக்கு. குழுவுக்குப் புதியவள். பொழியூர், தையல் டீச்சர், கணவன் கடலுக்குப் போகிறவர். மெயில் அனுப்ப இங்கேதான் வருவாள்.

ஜூலை 7, புதன்
செலின் நோட்டோடு வந்தாள். பசிபிக் தீவு ஒன்றின் நிலையம்! நான் மூன்று வருடமாகத் தேடுவது. உலக நேரம் 12:05 முதல் 12:10 வரை கேட்டாளாம். பொறாமை உண்டு, மறைப்பானேன். உடனே அனுப்பினோம்.

ஜூலை 8, வியாழன்
சார் மெயில். அந்த நிலையம் 12 மணிக்கே மூடிவிடும், இது கற்பனை, சனிக்குள் விளக்கம் வராவிட்டால் பெயர் நீக்கம். அந்த மெயில் குழு முழுக்கப் போய்விட்டது. செலின் என் பக்கத்தில் நின்று வாசித்தாள்.
"கேட்டது கேட்டதுதான் அக்கா. நான் கள்ளம் சொல்லல்ல."
நம்பினேனா? பாதி. அதுதான் வெட்கம்.

ஜூலை 9, வெள்ளி
மதியம் லீவு சொல்லி பொழியூர் போனேன். கடல் செய்திக்கென்று வாங்கிய ரேடியோ ஜன்னலில். ஏரியல் தென்னையில். நன்றாகவே இழுக்கிறது. சாயா, பழம்பொரி இரண்டு. திரும்ப 4:10 பஸ். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் 4:15! பையை எடுத்துக்கொண்டு பதறி எழுந்தேன். செலினின் மாமியார் சிரித்தார்.
"இரி மக்கா. பஸ் வர இன்னும் நேரம் உண்டு. அந்த கிளாக்கு கால் மணிக்கூர் கூடுதலாக்கும். காலத்த முதல் பஸ் பிடிக்க வச்சது."
வீட்டில் எல்லாரும் மனதுக்குள் கழித்துக்கொள்வார்களாம். அப்படியானால் ரேடியோ கேட்கும்போது? செலின் என் ஜெராக்ஸை நீட்டினாள். கடிகாரம் பார், ஐந்தரை கழி. அதை அப்படியே செய்திருக்கிறாள். கால் மணியைக் கழிக்க நான் எங்கே எழுதினேன்!

12:05 இல்லை, 11:50. நிலையம் அப்போது இருக்கிறது!!
இந்த வாரம் மற்ற நிலையங்களுக்குச் செலின் எழுதிய குறிப்புகள் ஏழையும் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸைப் பிடித்தேன், தாராளமாக.

ஜூலை 10, சனி
வெயில். எட்டுக்கே சென்டர் திறந்தேன். அந்தந்த நிலையத்தின் நிகழ்ச்சி நேரத்தோடு ஒப்பிட்டால், ஏழு குறிப்பும் சரியாகப் பதினைந்து நிமிடம் தள்ளி. பட்டியல் போட்டு, விதியைச் சரியாக எழுதாதது நான், தப்பு என்னுடையது என்று குழு முழுக்க அனுப்பினேன்.

செலின் பத்துக்கு வந்தாள். இனி எழுதுவதில்லையாம். கள்ளி என்று நாடு முழுக்க வாசித்தாச்சே என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தேன்.

11:20. சார் மெயில், அதுவும் எல்லாருக்கும். ஏழையும் ஒப்பிட்டுப் பார்த்தேன், அவசரப்பட்டு ஒரு நேர்மையானவரைப் பொய்யர் என்றேன், மன்னிக்க வேண்டும் என்று. கீழே ஒரு வரி: நம் குழுவில் இந்த நிலையத்தைக் கேட்ட முதல் ஆள் செலின்.

நான் கத்திவிட்டேன். செலின் இரண்டு தடவை வாசித்தாள். என்னை நகரச் சொன்னாள். ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாக, அவளே அடித்தாள்.

11:50 முதல் 11:55 வரை. கேட்டேன். செலின், பொழியூர்.