கார்பனுக்கு நேர்ச்சுமையா?

ஜூன் 9, திங்கள்

ஜெய்னப்பின் ஆய்வேட்டைப் படித்து முடித்தேன். போனில் சொல்ல வேண்டியவை:

1. மூலக்கூறுக்குள் எந்த எலக்ட்ரான் எந்த அணுவுக்கு என்று இயற்கை பத்திரம் எழுதித் தரவில்லை. நாம்தான் கோடு போட்டுப் பிரிக்கிறோம். முன்னுரையில் இதை அழகாகச் சொல்லியிருக்கிறார். பாராட்ட வேண்டும்.
2. ஐந்தாம் அட்டவணை தவறு. கார்பன் மோனாக்சைடில் கார்பனின் மின்சுமை நேர் என்கிறது. சோதனையிலோ மூலக்கூறின் எதிர்முனை, அதாவது எதிர்ச்சுமை உள்ள முனை, கார்பன் பக்கம். அட்டவணையை எடுத்துவிடலாம்.
3. மேற்கோள்களில் இரண்டு ஆண்டுகள் மாறியிருக்கின்றன.

மூன்றாவதைச் சொல்லிவிடுவேன். இரண்டாவதை? கடையநல்லூர்க் கல்லூரியில் என்னோடு வேலை பார்த்தவர். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

ஜூன் 10

பேசவில்லை.

ஜூன் 11, புதன்

மனைவி பொன்மணி பார்த்துவிட்டாள். "போனக் கையில வச்சிக்கிட்டு எத்தன நடை நடப்பீய? பொண்ணு கேக்கவா போறீய?" நம்பரை அவளே அழுத்திக் கொடுத்தாள்.

"ஆக்ஸிஜன்தான சார் எலக்ட்ரான இழுக்கும்? கார்பன் நேராத்தான இருக்கணும்?" என்றார் ஜெய்னப்.

"அப்போ எதிர்முனை ஏன் கார்பன் பக்கம் வருது?"

மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம். பிறகு, "தெரியல சார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், எடுத்துருதேன். நாலாவது அத்தியாயமே அத வச்சித்தான் நிக்கி... பரவால்ல, மாத்தி எழுதிருதேன்."

ஒரு கேள்வி கேட்டேன். ஓர் அத்தியாயமே சரிகிறது. அவ்வளவு உறுதியாகவா எனக்குத் தெரியும்?

ஜூன் 12, வியாழன்

ஜெய்னப்பின் கோப்பைக் கணினியில் திறந்து எலக்ட்ரான் அடர்த்தியை வரைந்தேன். நான் சொன்னது சரி என்று தேறுதல் அடையத்தான்.

கார்பனைச் சுற்றியிருந்த மேகம் உருண்டையாக இல்லை. ஆக்ஸிஜனுக்கு முதுகு காட்டி, வெளிப்பக்கம் புடைத்திருந்தது. கார்பன் எலக்ட்ரான்களை இழந்திருப்பது உண்மை. ஆனால் மிஞ்சியவை மறுபுறம் ஒதுங்கி நிற்கின்றன! புளியங்குடி பஸ்ஸில் ஆள் குறைவுதான். இருப்பவர்கள் எல்லாம் பின்வாசலில் நின்றால் வண்டி பின்னால்தானே தாழும்?

எத்தனை என்பது ஓர் எண். எந்தப் பக்கம் சாய்வு என்பது வேறோர் எண். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேனே — எப்படித் தோன்றாமல் போயிற்று? இரண்டு அணுக்களுக்கும் இரண்டையும் சேர்த்துக் கூட்டினேன். சோதனை சொல்லும் அதே சின்ன மதிப்பு, அதே திசையில்: எதிர்முனை கார்பன் பக்கம்தான்.

பொன்மணி கோவிலுக்குப் போயிருந்தாள். நானே நம்பரை அழுத்தினேன்.

"ஜெய்னப், பழசை அழிச்சிட்டீங்களா?"

"யா அல்லாஹ்! ஏன் சார்?"

சொன்னேன். இரண்டு முறை திக்கினேன். அவர் சிரித்துவிட்டார். "அழிக்கல சார். ஒங்க பேச்சு மேல நம்பிக்கைதான்... இருந்தாலும் மனசு கேக்கல."

ஜூன் 13, வெள்ளி

ஆய்வேடு ஒப்படைக்கப்பட்டது. ஐந்தாம் அட்டவணை இருக்கிறது. மின்சுமைக்குப் பக்கத்தில் 'சாய்வு' என்று புதிதாக ஒரு நெடுவரிசையும்.

திங்களன்று நான் எழுதிய இரண்டாவது குறிப்பு தவறு.