கொஞ்சம் நிதானம், நிதானம் கொஞ்சம்

மார்ச் 4
என் மனைவி இயக்கும் படத்தில் பாதிக்குமேல் எடிட்டிங் முடித்துவிட்டேன். பெயர் ‘நிதானம்’. கோபக்காரப் பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தகப்பன், அவ்வளவுதான் கதை. மதியம் தயாரிப்பாளர் சங்கத்திலிருந்து போன். இதே தலைப்பை இன்னொருவரும் பதிவு செய்திருக்கிறாராம். யார் என்று கேட்டேன்.

மச்சான்!

அவளுடைய சொந்த அண்ணன். மாமனார் போனதிலிருந்து இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. இவளிடம் யார் சொல்வது? நான்தான், வேறு யார்.

மார்ச் 5
சொன்னேன். அவள் கத்தவில்லை. “அப்பா தனக்குள்ள முணுமுணுத்த வார்த்தை அது. அவன் கேட்டிருக்கவே மாட்டான்” என்றாள். பிறகு ஒரு தட்டு உடைந்தது. தானாக விழுந்ததாம்.

மார்ச் 9
சங்கத்தில் பஞ்சாயத்து. எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு செயலாளர் வழியாகவே பேசினார்கள்.

“ரெண்டு பேரும் கொஞ்சம் நிதானமா...” என்று அவர் ஆரம்பித்ததும் மச்சான் மேசையில் ஓங்கி அடித்தார். “சார், அது என் தலைப்பு! சும்மா எடுத்து விடாதீங்க!”

“அவர உட்காரச் சொல்லுங்க சார்” என்றாள் இவள், நின்றுகொண்டே.

தீர்ப்பு: இவளுடையது ‘கொஞ்சம் நிதானம்’. அவருடையது ‘நிதானம் கொஞ்சம்’. செயலாளர் பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டார்.

மார்ச் 21
எங்கள் பாட்டு வெளியானது: ‘மூச்சை விடு மெல்ல’. மச்சான் படத்துப் பாட்டும் இன்றே: ‘மெல்ல விடு மூச்சை’. மெட்டு போட்டவர்கள் வேறு வேறு ஆட்கள். இரண்டும் ஒன்றுபோலவே கேட்கிறது — எனக்கு மட்டுமா?

மார்ச் 24
அவளுக்குப் பல் பிடுங்கினார்கள். அறையில் மச்சான் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. “உங்க பாட்டு அருமை மேடம். இதப் போட்டா யாரும் துள்றதே இல்ல” என்றார் பல் டாக்டர். வாயைத் திறந்து வைத்திருந்ததால் இவளால் மறுக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர். பல் வலி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 2
மச்சான் என்னைக் கூப்பிட்டார். “மாப்ள, அவ படத்துல அப்பா வர்றாரா?”

“வர்றார்.”

“எப்படி இருக்கார்?”

“...அமைதியா.”

வைத்துவிட்டார்.

ஏப்ரல் 12
இரண்டு படமும் ஒரே நாளில், ஒரே வளாகத்தில், பக்கத்துப் பக்கத்து அரங்கில். டிக்கெட் கிழிப்பவர் காலையிலேயே நொந்துபோயிருந்தார். “நிதானமா? எதுல வேணாலும் போய் உட்காருங்க!” என்று எங்களையும் தள்ளிவிட்டார்.

விளக்கு அணைந்தது. திரையில் ‘நிதானம் கொஞ்சம்’.

இவள் விருட்டென்று எழுந்தாள். அதற்குள் திரையில் ஓர் அப்பா ஜன்னல் அதிரக் கத்தினார்: “நிதானம்! நிதானம்னு சொல்றேன்ல!”

உட்கார்ந்துவிட்டாள். “இதையா கத்தினார்?” என்றாள் மெதுவாக. “அவர் கத்த ஆரம்பிச்சாலே நான் காதைப் பொத்திக்குவேன்.”

இடைவேளையில் அடுத்த அரங்கிலிருந்து மச்சான் வெளியே வந்தார், இவள் படத்திலிருந்து. மூக்கு சிவந்திருந்தது. என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

“மாப்ள, கத்தி முடிச்சிட்டு அப்பா மாடிப்படியில போய் உட்கார்ந்து, ‘நிதானம், நிதானம்’னு தனக்கே சொல்லிக்குவாரா? அவகிட்ட கேளுங்க, நிஜமான்னு.”

நான் கேட்கத் திரும்பினேன். வேண்டியிருக்கவில்லை.

“நிஜம்தான்டா” என்றாள்.

மணி அடித்தது. அவரவர் தப்பான அரங்குக்கே திரும்பிப் போனார்கள்.

ஏப்ரல் 19
இரண்டு படமும் தியேட்டரிலிருந்து தூக்கப்பட்டன. வீட்டில் ஒரு தட்டும் உடையவில்லை. விசித்திரம்.

மே 3
மச்சான் சாப்பிட வந்தார். கத்திவிட்டுப் படிக்குப் போகும்போது அப்பா போட்டிருந்தது நீலச் சட்டையா வெள்ளையா என்று ஆரம்பித்தது. ‘வாடா’, ‘போடி’ வரைக்கும் போய்விட்டது. எதிர் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

“உள்ள ஒரே சத்தமா இருக்கே. ஏதும் பிரச்சினையா?”

“இல்லைங்க” என்றேன். “பேசிக்கிறாங்க.”