உறவு முறிந்ததற்கான வாக்குமூலம்

தேபேக்,
நவம்பர் 9.

மகன் கியோங்மோவுக்கு,

அப்பா எழுதுவது. உன் வாக்குமூலத்தை ஏற்றுக்கொண்டார்கள். அம்மாவின் மருத்துவ உதவி அட்டை திரும்பி வந்துவிட்டது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ரத்தச் சுத்திகரிப்பு தடையில்லாமல் நடக்கிறது.

கப்பல் தளத்தில் உன்னை மேற்பார்வையாளர் ஆக்கிய செய்தி வந்ததும், அம்மா பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் அரிசிப் பலகாரம் கொடுத்தாள். அடுத்த மாதமே அட்டை ரத்தானது. நன்றாகச் சம்பாதிக்கும் பிள்ளை இருந்தால் அவன்தான் பார்க்க வேண்டும் என்பது சட்டம். பக்கத்துக் கட்டில் அம்மாள் சிரித்துக்கொண்டே, "எனக்கு நாதி இல்ல, அட்டை தானா வந்துச்சு. ஒனக்குப் புள்ளதான்டி வியாதி" என்றாளாம்.

தேர்தல் சமயத்தில் சந்தையில் என் கையைப் பிடித்து, அந்த விதியை ஒழிப்பேன் என்றவர்தான் இப்போது நம் தொகுதி உறுப்பினர். நாடாளுமன்றத்தில் பிழைப்பு உதவிக்கு மட்டும் ஒழித்தார்கள். மருத்துவத்துக்கு வைத்துக்கொண்டார்கள். நான்கு முறை அவர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அடுத்த கூட்டத்தொடரில் பார்க்கலாம் என்றார்கள். அம்மாவுக்கு இரண்டு தடவை தவறினாலே மூச்சுத் திணறுகிறது.

மிஞ்சிய வழி, குடும்ப உறவு முறிந்துவிட்டதென்று நீ எழுதித் தருவதுதான். நீ முதலில் அனுப்பியதைப் பார்த்துவிட்டு நல உதவி அலுவலகப் பெண் உதட்டைப் பிதுக்கினார்.

"ஐயா, 'தொடர்பு கொறஞ்சு போச்சு'ன்னா மேலிடத்துல தள்ளுபடி பண்ணிடுவாங்க. வெறுப்பு தெரியணும். கொஞ்சம் கற்பனை பண்ணி எழுதச் சொல்லுங்க."

அதைத்தான் உனக்குச் சொல்லியனுப்பினேன். நான்கு பக்கம் வந்தது. கவுன்ட்டரில் நின்றபடியே படித்தேன். சுரங்கம் மூடிய வருடம், பனியில் உன்னை வெளியே நிறுத்தி நான் கதவைத் தாழிட்டது. உன் பள்ளிப் பையை அடுப்பில் போட்டது. இடுப்பு வாரால் அடித்தது. அடி விழும் சத்தம் கேட்காமலிருக்க, அம்மா சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டது. நீ எதையும் கூட்டி எழுதவில்லை.

அந்தப் பெண் முத்திரை குத்திவிட்டு, "நல்லா சோடிச்சிருக்கார். எனக்கே கண்ணு கலங்கிடுச்சு" என்றார்.

"சின்ன வயசுலயே கட்டுரைக்குப் பரிசு வாங்கினவன்மா" என்றேன்.

நீ என்ன எழுதினாய் என்று அம்மா தினமும் கேட்கிறாள். எல்லாம் பொய், குற்றமெல்லாம் என்மேல்தான் என்று சொல்லியிருக்கிறேன். குழாயைப் பற்றிச் சொல்லவில்லை.

ஆண்டுதோறும் மறு ஆய்வு உண்டு. போன் அழைப்பு, வங்கிக் கணக்கு எல்லாம் பார்ப்பார்களாம். அதனால் போன் செய்யாதே. புத்தாண்டுக்கும் வராதே. அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் லாரிக்காரர் மூலமே சொல்லியனுப்புகிறேன். இதற்குப் பதில் எழுதாதே.

சந்தேகம் வந்தால் உன்னையும் என்னையும் எதிரெதிரே உட்காரவைத்துக் கேட்பார்களாம். அப்போது எழுதியதையே சொல். அம்மா பக்கத்தில் இருந்தாலும் சொல். ஒரு வார்த்தையையும் மாற்றாதே. நான் எதையும் மறுக்க மாட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

பியோ தேசோப்