கண்ணீருக்குச் சாட்சி இல்லை

எங்கே போனாலும் தண்ணீர் பாட்டிலை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்த என் அம்மாவுக்கு,

போன வாரம் உன் முதல் திதி. ஆற்றங்கரை அம்மா மண்டபத்தில் சித்தப்பாதான் கொடுத்தார். ஆற்றில் தண்ணீர் நன்றாகவே போகிறது. மன்னார்புரத்திலிருந்து அத்தை எங்களுக்கு முன்பே வந்து படியில் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் அக்கா என்ற உரிமையில் அதே பழைய பேச்சை எடுத்தார்.

"எந்தம்பி செத்தன்னைக்கு உங்கம்மா ஒரு சொட்டு விடலியே. ஊரே மாரடிச்சு அழுவுது, இவ கண்ணக் கண்ணக் கசக்கிட்டு உக்காந்திருக்கா."

அன்று உன் கண் மிளகாய் பட்டதுபோல் சிவந்திருந்தது. வந்த பெண்கள் எல்லோரும் உன்னைக் கட்டிக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து அழுதார்கள். அப்படி அழும் வழக்கத்தில் எதுவும் மறையாது அம்மா. உன் கன்னம் காய்ந்திருந்ததை ஒவ்வொருத்தியும் தொட்டுத் தெரிந்துகொண்டாள்.

பல மாதம் கழித்துத்தான் புத்தூர் கண் டாக்டர் உன் இமைக்குள் சின்னக் காகிதத் துண்டு ஒன்றைச் செருகிப் பார்த்தார். அது நனையவே இல்லை. உடம்பே தன் சுரப்பிகளைத் தாக்கும் நோய், கண்ணும் வாயும் வற்றிப்போகும் என்றார். வெளியே வந்து நீ சிரித்தாய். "என் வாயி கொள்ளிடம் மாதிரிடி. பேருதான் ஆறு, உள்ள பூரா மணலு." ரசத்தை ஊற்றிக் கரைத்தால்தான் உனக்கு ஒரு வாய் சோறு இறங்கும்.

நான் எச்சில் சுரப்பியைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்றபோது, "யார்ட்டயும் சொல்லாத, மாப்ள கெடைக்க மாட்டான்" என்றாய். நம் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவளுக்கு நீ சொன்ன வாழ்த்து அது.

இப்போது சொல்கிறேன், கேள். சுரக்கச் சொல்லி நரம்பு கட்டளை அனுப்பினால் செல்லுக்குள் கால்சியம் உயரும். நாங்கள் சேர்க்கும் சாயத்தில் அது மைக்ராஸ்கோப்பின் கீழ் பச்சையாக மினுங்கும். கால்சியம் உயர்ந்ததும் செல்லின் ஓரத்தில் கதவுகள் திறந்து உப்பு வெளியேறும். உப்பின் பின்னாலேயே தண்ணீரும் போகும். உன் நோய் போன்ற ஒன்று வந்த எலியின் சுரப்பியைப் பார்த்தேன். பச்சை நன்றாகவே மினுங்கியது, எச்சில் மட்டும் வரவில்லை. கட்டளை உள்ளே வந்து சேர்கிறது, கதவுதான் திறப்பதில்லை.

உன்னை நினைத்துக்கொண்டேன். அழுகை உனக்குள்ளும் இப்படித்தான் வந்து நின்றதோ?

இதைத்தான் படித்துறையில் அத்தையிடம் திக்கித் திக்கிச் சொன்னேன். இவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை என்பதால் அத்தையும் கேட்டார். சித்தப்பா அப்போதுதான் சூடம் ஏற்றியிருந்தார்.

"சரி, இந்தா சூடம் எரியுது. உங்கம்மா உள்ளுக்குள்ள அழுதான்னு அடிச்சு சத்தியம் பண்ணு. இனிமே நான் வாயத் தொறக்கல."

அத்தை சொன்னால் சொன்னதுதான். ஒரே அடியில் உன் பெயர் மீண்டிருக்கும். கையை ஓங்கினேன். கை சூடத்துக்கு மேலேயே நின்றுவிட்டது. நான் பார்த்தது எலி, அதிலும் எச்சில் சுரப்பி. கண்ணீர்ச் சுரப்பியில் நான் எதையும் பார்த்ததில்லை. அப்பா இறந்த அன்றே உனக்கு அந்த நோய் இருந்ததா என்று யார் சோதித்தார்கள்?

"எலியில பாத்தது அத்தை... மனுசங்களுக்கும் இப்படித்தான்னு உறுதியா..."

"எலியா?"

"நல்லாருக்கும்மா, எங்கண்ணிய எலியோட சேத்துட்டியே" என்று சித்தப்பா சிரித்தார்.

அத்தை சிரிக்கவில்லை. "பெத்த மகளுக்கே கை வரல, பாத்தியா" என்று புடவையை உதறிக்கொண்டு எழுந்தார். அதற்குள் சூடம் அணைந்துவிட்டது.

மறுநாள் லேபில் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடத்திடம், அந்தக் கதவை என்றாவது திறக்க முடியுமா என்று கேட்டேன். "உன் காலத்துல வருமோ என்னமோம்மா" என்றார். வந்தாலும் உனக்கு எதற்கு? உன் சுரப்பிகளையும்தான் எரித்தாகிவிட்டதே. இனி யாரும் எதையும் பார்க்க முடியாது.

நீ அழுதாயா அம்மா?

அடுத்த திதிக்கும் அத்தை வருவார், அதையே சொல்வார். நான் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டேன். திக்கித் திக்கியாவது, "எனக்குத் தெரியல அத்தை. உங்களுக்கும் தெரியாது" என்று சொல்வேன். அதனால் யார் மனமும் மாறாது. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் சொல்வேன்.

உன் ஒரே மகள்,
தேன்மொழி